மலைக் கல்லூரியில் ஆனர்ஸ் திட்டம்: எங்கிருந்து தொடங்குவது?

நீலகிரி மாவட்டத்தின் ஒரு சிறிய கலை அறிவியல் கல்லூரியில் பதினொரு ஆண்டுகளாகப் பணியாற்றும் உதவிப் பேராசிரியை ஒருவர் எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், கல்லூரி, துறை மூன்றும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு, பதிலுக்குத் தேவையான அளவுக்குக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

கல்லூரியில் ஏழு இளநிலைப் பிரிவுகள். மாணவர் எண்ணிக்கை 600ஐச் சற்றுத் தாண்டும். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டிலிருந்தும், சிறு தேயிலை விவசாயிகள் வீட்டிலிருந்தும், மலைக்காய்கறி பயிரிடுவோர் வீட்டிலிருந்தும் வருகிறவர்கள். பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுப்பவர்கள் கோயம்புத்தூருக்கு இறங்கிவிடுவதால் ஆண்டுக்கு ஆண்டு சேர்க்கை குறைகிறது. அதைத் தடுக்க, வரும் ஜூனில் 'ஆனர்ஸ்' (சிறப்புநிலைப் படிப்பு) திட்டம் ஒன்றைத் தொடங்கி, சேர்க்கைத் துண்டறிக்கையில் அதைப் பெரிதாக அச்சிடுவது என்று நிர்வாகம் முடிவு செய்து, திட்டத்தை வகுக்கும் பொறுப்பை இவரிடம் கொடுத்திருக்கிறது. பிளஸ் டூவில் 85 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற 30 பேரைப் பொறுக்கி எடுத்து, தனி வகுப்பறையில் ஆங்கிலத்தில் மட்டும் பாடம் நடத்தி, தனிக் கட்டணம் வாங்குவது என்பது முதல்வரின் யோசனை. இப்போதே பட்டத்துக்கு 140 கிரெடிட் (பாடங்களின் பளுவை அளக்கும் அலகு) இருக்கிறது, இன்னும் 20 சேர்த்தால் 160 ஆகிவிடும், ஆனர்ஸ் பட்டத்துக்கு அதுதானே தேவை, அதன்பின் மாணவர்கள் நேராக பிஎச்.டி. சேரலாம் என்று அவர் கணக்கிட்டிருக்கிறார்.

சக ஆசிரியர்களோ, "நல்ல பிள்ளைகளை எல்லாம் நீங்கள் எடுத்துக்கொண்டால் எங்கள் வகுப்பில் யார் மிஞ்சுவார்கள்?" என்று கேட்கிறார்கள். இவருக்கு இப்போதே வாரம் 18 மணி நேர வகுப்பு இருக்கிறது; புதிய பொறுப்புக்காக அதில் ஒரு மணி நேரம்கூடக் குறைக்கப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒழுங்கான ஆய்வகமோ நூலகமோ இல்லாத இடத்தில் இப்படி ஒரு திட்டம் எடுபடுமா என்ற ஐயம் இவருக்கே இருக்கிறது. கடிதத்தின் இறுதியில் இரண்டாமாண்டு வணிகவியல் மாணவி ஒருவரைப் பற்றி எழுதுகிறார். அம்மாணவியின் தாத்தா எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். நாள்தோறும் பெய்த மழையை அங்குலத்திலும் சென்ட்டிலும் (அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு) குறித்துவைத்த நோட்டுகளை வீட்டில் பாதுகாத்து வைத்திருக்கிறார். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில்கூடப் பச்சைத் தேயிலைப் பணம் ஏன் கூடவில்லை என்று அம்மாணவி வகுப்பில் கேட்டிருக்கிறார். அவருடைய பிளஸ் டூ மதிப்பெண் 61 விழுக்காடு. "இந்தப் பெண் அந்த 30 பேரில் வரவே மாட்டாள். அப்படியானால் நான் யாருக்காக இந்தத் திட்டத்தை எழுதுகிறேன்? பொறுப்பை ஏற்கலாமா, மறுத்துவிடலாமா?" என்பது கேள்வி.

அன்புள்ள பேராசிரியருக்கு,

ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் நிர்வாகம் உங்களிடம் கொடுத்த வடிவத்தில் ஏற்க வேண்டாம். இருபத்தாறு ஆண்டுகள் கல்லூரி ஆசிரியனாகவும், அதன்பின் பாடத்திட்ட ஆலோசகனாகவும் இருந்துவரும் எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமாகப் பட்டது அந்த மழைக் கணக்கு நோட்டுதான். 85 விழுக்காடு, தனி வகுப்பறை, தனிக் கட்டணம் ஆகியவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அம்மாணவியின் கேள்விக்கு விடை தேட உதவும்படி ஒரு திட்டத்தை எழுதினால் அது எப்படி இருக்கும் என்று யோசிப்போம். அதற்கு முன்னால், சட்டப்படி எது உங்கள் கையில் இருக்கிறது, எது இல்லை என்பதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். துண்டறிக்கை அச்சுக்குப் போவதற்குள் உங்கள் முதல்வர் இதை அறிந்துகொள்வது நல்லது.

பெயரும் பட்டமும்

பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், சட்டம் அவற்றுக்கு இணையாக ஏற்றுக்கொண்ட நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு என்று 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22ஆம் பிரிவில் சொல்கிறது. உங்கள் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. பட்டச் சான்றிதழில் என்ன சொல் இடம்பெறும் என்பதைப் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்யும். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துத் தேர்வையும் தாமே நடத்தலாம் என்றாலும், அவற்றின் மாணவர்களுக்கும் பட்டத்தைத் தருவது பல்கலைக்கழகமே. தன்னாட்சி கேட்பதற்கே கல்லூரி தொடங்கிக் குறைந்தது 10 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், தர மதிப்பீட்டிலும் உயர்நிலை பெற்றிருக்க வேண்டும். ஆகவே அது இந்த ஜூனுக்குள் நடக்கிற காரியமன்று.

முதல்வரின் 140, 160 கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. அவர் மனத்தில் இருப்பது மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் படிப்புக்கான கட்டமைப்பு. அதன்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டும், நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 160 கிரெடிட்டும் வேண்டும். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் 12 கிரெடிட் ஆய்வேடு எழுதினால் 'ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்' பெறலாம். 120க்கும் 160க்கும் இடையே இருப்பது ஒரு முழு ஆண்டுப் படிப்பு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்புக்குள்ளேயே இருக்கும் 140 கிரெடிட், பகுதி ஒன்று தமிழ் தொடங்கிப் பகுதி ஐந்து விரிவாக்கப் பணி வரை வேறொரு முறையில் கூட்டப்பட்டது. இரண்டு அளவுகோல்களின் எண்களைக் கழித்துப் பார்த்து, மிச்சம் 20 என்று சொல்ல இயலாது. தமிழ்நாடு அரசு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. இங்கே மூன்றாண்டுப் பட்டமே தொடர்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிஎச்.டி. பற்றிய வாக்குறுதியை எந்தக் காரணத்துக்காகவும் அச்சிட விடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் பிஎச்.டி. ஒழுங்குமுறைகள், முதுநிலைப் பட்டம் இல்லாமல் நேரடியாகச் சேர நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு கேட்கின்றன. மூன்றாண்டுப் பட்டத்தோடு கல்லூரி தானே தரும் ஒரு சான்றிதழைக் காட்டி எந்த மாணவரும் அந்த வாயிலைக் கடக்க முடியாது. இதை நம்பி மூன்று ஆண்டுகளைச் செலவிட்ட பிள்ளை ஒரு நாள் விண்ணப்பத்தோடு திரும்பி வந்து உங்கள் முன்தான் நிற்கும். பழைய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஆனர்ஸை முதுநிலைக்குச் சமமாக மதித்த காலம் ஒன்று இருந்தது. 'ஆனர்ஸ்' என்ற சொல்லுக்கு நம் ஊர்ப் பெரியவர்களிடம் இன்னும் இருக்கும் மரியாதை அங்கிருந்து வந்தது. அந்த மரியாதையை நம்பிப் பெற்றோர் ஏமாந்துவிடக் கூடாது.

இவ்வளவும் சொன்னபின், உங்களால் செய்யக்கூடியது என்ன? 30 மணி நேரத்துக்குக் குறையாத மதிப்புக் கூட்டுப் பாடங்களை (பாடத்திட்டத்துக்கு வெளியே கூடுதலாகத் தரும் குறும்பாடங்கள்) கல்லூரிகள் தாமே நடத்திச் சான்றிதழ் தருவது ஏற்கனவே வழக்கத்தில் இருக்கிறது. தர மதிப்பீட்டுக் குழுவும் அதைப் பற்றிக் கேட்கிறது. 'அட்வான்ஸ்டு லேர்னர்' (வேகமாகக் கற்பவர்) என்று நீங்கள் கோப்பில் எழுதும் மாணவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்பதும் அக்குழுவின் கேள்விகளில் ஒன்று. உங்கள் திட்டத்துக்கு இவ்விரண்டும் போதுமான இடம் தருகின்றன. 'ஆனர்ஸ்' என்ற சொல்லைத் தவிர்த்து, 'இளநிலை ஆய்வுப் பயிற்சித் திட்டம்' என்பது போன்ற நேரான பெயரை வைத்து, இது கல்லூரி வழங்கும் சான்றிதழ், பல்கலைக்கழகப் பட்டத்தின் பகுதி அன்று என்று துண்டறிக்கையிலும் சான்றிதழிலும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இதையே ஆட்சிக்குழுத் தீர்மானமாக எழுதி வாங்கிக்கொள்வது உங்களுக்குப் பாதுகாப்பு.

சிறிய கல்லூரியால் ஆகுமா?

அமெரிக்காவில் இத்தகைய திட்டங்களுக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது பெரிய பல்கலைக்கழகம் ஒன்றும் அன்று. பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்வார்த்மோர் என்னும் சிறு கல்லூரி. 1921இல் அதன் தலைவராக வந்த ஃபிராங்க் எய்டலாட், தாம் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது கண்ட முறையை மனத்தில் வைத்து, 1922இல் அங்கே ஆனர்ஸ் படிப்பைத் தொடங்கினார். கடைசி இரண்டு ஆண்டுகளில் மாணவர்கள் வழக்கமான வகுப்புகளை விட்டு, சிலராகச் சேர்ந்து, ஓர் ஆசிரியரோடு அமர்ந்து, தாங்கள் படித்ததையும் எழுதியதையும் விவாதித்தார்கள். இறுதியில் அவர்களுக்குத் தேர்வு நடத்தியவர்கள் சொந்த ஆசிரியர்கள் அல்லர். வேறு கல்லூரிகளிலிருந்து வந்த தேர்வாளர்கள். இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். மதிப்பெண் போடுகிறவர் வெளியாள் என்று ஆகிவிட்டால், ஆசிரியரும் மாணவரும் ஒரே பக்கத்தில் நின்று வேலை செய்கிறார்கள். ஆசிரியரைத் திருப்திப்படுத்தும் விடையைத் தேடுவதை மாணவர் விட்டுவிடுகிறார்.

பின்னாளில் அங்கே இத்திட்டங்கள் பெருகி, 1966இல் அவற்றுக்கென்று தேசிய அளவில் ஓர் அமைப்பும் உருவாயிற்று. தனிப்பாடம் தொடங்க ஆசிரியர் போதாத இடங்களில், வழக்கமான பாடத்துக்குள்ளேயே மாணவரும் ஆசிரியரும் ஓர் எழுத்து ஒப்பந்தம் செய்துகொண்டு, கூடுதலாக ஓர் ஆழமான வேலையை முடிக்கும் முறையும் அங்கே பரவலாக இருக்கிறது. தனி வகுப்பறையோ தனி ஆசிரியரோ இல்லாமல் ஒரு திட்டம் நடக்கும் என்பதற்கு இந்த ஒப்பந்த முறையே சான்று. உங்களுக்கும் இதைத்தான் பரிந்துரைப்பேன். 30 பேர் வேண்டாம். முதல் ஆண்டு 12 பேர் போதும். வாரத்தில் இரண்டு மணி நேரம் எல்லாத் துறையினரும் கூடும் ஒரே கலந்துரையாடல், ஐந்தாம் பருவத்திலிருந்து ஆளுக்கொரு ஆய்வு, முடிவில் வெளித் தேர்வாளர் முன் வாய்மொழித் தேர்வு என்ற மூன்றே உறுப்புகள் போதும்.

மதிப்பெண் வரிசை வேண்டாம்

இதில் எனக்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு; சொல்வதற்கு வருத்தமானது. சமவெளியில் நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், பிளஸ் டூ மதிப்பெண்ணை இறங்குவரிசையில் அடுக்கி, மேலிருந்து 20 பேரை எடுத்து இப்படி ஒரு வகுப்பைத் தொடங்கினோம். பட்டியலில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். இரண்டாம் பருவம் முடிவதற்குள் பாதிப் பேர் விலகிவிட்டார்கள். விடை உறுதியாகத் தெரிந்த கேள்விகளை மிகச் சரியாக எழுதிப் பழகிய அவர்களுக்கு, விடை தெரியாத கேள்வியோடு மாதக்கணக்கில் இருப்பது தண்டனையாக இருந்தது. பல்கலைக்கழகத் தேர்வில் தரவரிசை போய்விடுமோ என்ற பயம் வேறு. அதே ஆண்டு, எங்கள் பட்டியலில் இல்லாத ஒரு மாணவர் மாலை நேரங்களில் நூலகத்தில் தனியாக உட்கார்ந்து, தம் ஊர் ஏரியின் மதகுகளைப் பற்றித் தாமாகவே எழுதிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அவர் கல்லூரியை விட்டுப் போனபிறகுதான் தெரிந்தது. அவரை நாங்கள் கேட்கவே இல்லை.

எனவே முதலாண்டின் வாயிலில் யாரையும் எடுக்காதீர்கள். மூன்றாம் பருவத் தொடக்கத்தில் எல்லா வகுப்புகளிலும் அறிவித்து, விருப்பமுள்ளவர்கள் யாராக இருந்தாலும், தங்கள் வீட்டிலோ ஊரிலோ கவனித்த, ஆனால் விடை தெரியாத ஒன்றைப் பற்றிக் கையால் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். பிறகு வேறு வேறு துறையைச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்கள் ஒவ்வொருவரோடும் கால் மணி நேரம் பேசட்டும். சேர்ந்தபின் நான்கு வாரம் பார்த்துவிட்டு, பிடிக்காதவர்கள் எந்தக் குறிப்பும் இல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் முடிவானதும், அதை ஒருமுறை வேறு கண்ணோடு பாருங்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்ட தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தவரும் உங்கள் மாவட்டத்தில் வாழ்கிறார்கள். அவர்களில் யாரும், தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளில் யாரும் பட்டியலில் இல்லையென்றால், பிழை பிள்ளைகளிடம் இல்லை, நீங்கள் அறிவித்த முறையில் எங்கோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, மறுபடி நேரில் போய்க் கேளுங்கள்.

ஆங்கிலத்தைச் சேர்க்கைக்கு நிபந்தனையாக வைக்க வேண்டாம். திட்டத்துக்குள் வந்தபின் கற்றுத்தரும் ஒன்றாக அது இருக்கட்டும். ஆங்கில வழிப் படிப்பில் இருப்பவர்களும் தாய்மொழியில் தேர்வெழுத அனுமதிக்க வேண்டும் என்று மானியக் குழுவே 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. ஆய்வேட்டைத் தமிழில் எழுதி, இரண்டு பக்கச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுத வையுங்கள். அந்த இரண்டு பக்கத்தை ஆறு முறை திருத்தி எழுதும்போது அவர்கள் கற்கும் ஆங்கிலம், முப்பது மணி நேர 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' வகுப்பில் கிடைக்காதது.

ஆய்வகம் இல்லை என்ற கவலை

உங்கள் கடிதத்திலேயே நான் முழுதும் மறுப்பது இந்த ஒரு வரியைத்தான். உயர்கல்வி ஆய்வுக்கு உங்கள் மாவட்டத்தைப் போல வாய்ப்புள்ள மலை தமிழ்நாட்டில் வேறு இல்லை என்றே சொல்வேன். உதகைக்கு அருகே முத்தோரையில் 1970இல் கட்டி முடிக்கப்பட்ட வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. ஏறத்தாழ 11 பாகை சரிந்த ஒரு குன்றின்மேல் அதை அமைத்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ 11 பாகைதான். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே அச்சில் சுழற்றினாலே வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. இயற்பியல் மாணவர் ஒருவர் ஒரு தாளும் பென்சிலும் கொண்டு இதை வரைந்து புரிந்துகொள்ள முடியும். உதகையிலேயே இருக்கும் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தின் கிரேப்ஸ்-3 கருவிகள், 2014 டிசம்பர் 1 அன்று ஊருக்கு மேலே திரண்ட ஓர் இடிமேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் அளவுக்கு இருந்ததை விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கும் மியூவான் துகள்களைக் கொண்டு கணக்கிட்டன. அது 2019இல் வெளியாகி உலகெங்கும் பேசப்பட்டது. உங்கள் மாணவர்கள் நனைந்துகொண்டு பேருந்துக்குக் காத்திருந்த மழைக்காலத்தின் வானம்தான் அது. மண்ணரிப்பை ஆராயும் மத்திய நிலையம் உதகையில் 1954 முதல் இருக்கிறது. உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும், பழங்குடியினர் ஆய்வு மையமும், குன்னூரில் பாஸ்டர் நிறுவனமும் பேருந்து தூரத்தில் உள்ளன. கல்லூரித் தாளில் முறையாக ஒரு கடிதம் எழுதிப் பார்வைக்கு அனுமதி கேளுங்கள். அங்குள்ள அறிவியலாளர் ஒருவர் ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தாலே உங்கள் 12 பேருக்கு அது பெரிது.

ஆனால் அதைவிடப் பெரிய வளம் மாணவர்களின் வீட்டில் இருக்கிறது. அமெரிக்க மொழியியலாளர் எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதிக்கொண்டதற்குக் கடல் கடந்து வர வேண்டியிருந்தது. அந்த மொழிகளையும், படுகர்களின் படுகு மொழியையும் தாய்மொழியாகப் பேசும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் தங்கள் பாட்டி சொல்லும் பெயரைத் தொகுத்து, எவை பேச்சிலிருந்து மறைந்துவிட்டன என்று காண்பதே ஒரு நல்ல ஆய்வு. 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது; தாயகம் திரும்பிய அம்மக்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அப்படி வந்த தாத்தா பாட்டிகளின் நினைவை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டிய காலம் இது. இன்னும் பத்து ஆண்டு கழித்துக் கேட்பதற்கு ஆள் இருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஒப்புதல் பெறாமல் யாருடைய பேச்சையும் பதிவுசெய்யக் கூடாது, சடங்குகளையும் மருந்துச் செடிகளையும் பற்றிச் சொன்னவர் வெளியிட வேண்டாம் என்றால் அது ஆய்வேட்டில் வரக் கூடாது, காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது என்ற மூன்றையும் முதல் வாரமே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். சொந்தச் சமூகத்தைப் பற்றி எழுதுகிற மாணவருக்கும் இவை பொருந்தும்.

உங்கள் நேரம், சக ஆசிரியர்கள், பணம்

2018ஆம் ஆண்டின் மானியக் குழு ஒழுங்குமுறைகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தலைக் குறிப்பிடுகின்றன. நீங்கள் 18 மணி நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த நிலையில் கூடுதலாக ஒரு திட்டத்தை இலவசமாகத் தோளில் போட்டுக்கொண்டால், முதலாண்டு உங்கள் உற்சாகத்தில் ஓடும். இரண்டாம் ஆண்டு உங்கள் உடல்நலத்தைத் தின்று ஓடும். நீங்கள் விடுப்பில் போனால் நின்றுவிடும். கலந்துரையாடலின் இரண்டு மணி நேரமும் கால அட்டவணையில் உங்கள் பணிநேரமாகவே பதிவாக வேண்டும், அதற்கு ஈடாக வேறு வகுப்பு குறைய வேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்து, முதல்வரின் எழுத்துப்பூர்வமான ஆணையைப் பெற்றபின் தொடங்குங்கள். இதைக் கேட்பதில் தயங்க வேண்டியதில்லை.

சக ஆசிரியர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நன்றாகக் கேள்வி கேட்கும் நான்கு பேரைத் தனி வகுப்புக்குப் பிரித்தால், மீதியிருப்பவர்களுக்கும் அது இழப்பு. நான் சொல்லும் வடிவத்தில் யாரும் தங்கள் துறையை விட்டுப் போவதில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் தவிர அவர்கள் எப்போதும்போல் அதே பெஞ்சில்தான் இருப்பார்கள். ஆய்வுக்கு வழிகாட்டியும் அந்தந்தத் துறை ஆசிரியரே. ஆய்வேட்டில் அவர் பெயரே இருக்கும். எதிர்த்துப் பேசிய மூத்தவரை முதல் தேர்வுக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் கவனிக்கும் குறைகளை நீங்கள் கவனிக்க மாட்டீர்கள்.

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: வாங்க வேண்டாம். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் கல்வி நிறுவனங்கள் வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, 500 ரூபாய் வைத்தாலும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளை விண்ணப்பத் தாளையே வாங்காது. திட்டத்துக்குப் பெரிய செலவும் இல்லை. மின்னிதழ்களுக்குக் கல்லூரிகளுக்கான என்-லிஸ்ட் சேவையும், ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்னும் இணையத் தொகுப்பும் இருக்கின்றன. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் திட்ட உதவி உங்கள் அறிவியல் மாணவர்களுக்குப் பொருந்துமா என்று விசாரித்துப் பாருங்கள். மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கைக்கும் உங்கள் மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். செலவிட வேண்டிய ஒரே இடம் வெளித் தேர்வாளரின் பயணப்படியும், களப்பணிக்குப் போகும் மாணவர்களின் பேருந்துக் கட்டணமும். அதை நிர்வாகம் ஏற்கட்டும்.

சேர்க்கை இதனால் உடனே கூடும் என்று நிர்வாகத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். முதல் தொகுதி மாணவர்கள் முடித்து, அவர்களில் நான்கைந்து பேர் எங்கே போனார்கள் என்பது அவர்கள் படித்த பள்ளிகளில் பேசப்படுவதற்கு மூன்று ஆண்டாவது ஆகும். அதுவரை பொறுக்க மனமில்லை என்றால் இப்போதே சொல்லிவிடட்டும்; அந்த நிலையில் பொறுப்பை மறுப்பதே உங்களுக்கும் மாணவர்களுக்கும் நல்லது.

இனி நாள் கணக்கு. இந்த ஜூனில் முதலாண்டு மாணவர்களைக் கொண்டு தொடங்க வேண்டாம். அப்போது இரண்டாமாண்டுக்கு வருகிறவர்களிடம் அறிவித்து, ஆகஸ்டில் 12 பேரை முடிவு செய்யுங்கள். கலந்துரையாடலை மாலையில் வைக்கும் வழக்கம் சமவெளிக் கல்லூரிகளுக்குச் சரி. உங்கள் ஊரில் கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட பெண் பிள்ளை காட்டெருமையும் கரடியும் இறங்கும் தேயிலைக் காட்டு வழியே நடக்க வேண்டியிருக்கும் என்பதால், மதிய இடைவேளையை ஒட்டிய இரண்டு மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழையில் சாலை அடைபடும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் களப்பணியை வைக்காதீர்கள். ஆறாம் பருவத்தில் வாய்மொழித் தேர்வுக்கு மார்ச் முதல் வாரம் பொருத்தமானது. வெளித் தேர்வாளர் காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்து மாலைக்குள் இறங்கிவிடலாம்.

உங்கள் வணிகவியல் மாணவி இப்போதே இரண்டாமாண்டில் இருப்பதால், ஜூன் வரை காத்திருந்தால் அவருக்கு ஓராண்டுதான் மிஞ்சும். திட்டம் எழுதி முடிக்கும்வரை அவரை நிறுத்தி வைக்காமல், அவருடைய துறை ஆசிரியரோடு பேசி, ஒப்பந்த முறையில் இந்தப் பருவத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்கு நூறு சென்ட் என்று வைத்து, ஒரே ஓராண்டின் மழையை மாதவாரியாக மாற்றி எழுதட்டும். பக்கத்திலேயே அந்த ஆண்டில் வீட்டுக்கு வந்த பச்சைத் தேயிலைப் பணத்தையும், கிலோவுக்கு என்ன விலை கிடைத்தது என்பதையும், கிடைத்தவரை, எழுதட்டும். அவருடைய கேள்வி மழையைப் பற்றியதா, விலையைப் பற்றியதா என்பது அப்போது அவருக்கே தெரியத் தொடங்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், மலைவீட்டு ஈரத்தில் பழைய மை எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. தாத்தாவின் அனுமதியோடு, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அந்த நோட்டுகளை வரும் மழைக்குள் பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்து, கல்லூரிக் கணினியில் ஒரு படி வைத்துவிடுங்கள்.